பூட்டிய பெட்டியும் திறந்த பெட்டியும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. தாளில் எழுதிய சுரைக்காயால் எவர் பசியும் தீர்ந்ததில்லை. ஆயினும் அன்புத் தோழியரே, தாளைக் காட்டாமலே தாளின் பெயரைச் சொல்லி ஒருவர் ஊரை ஏய்க்கும் போது, ‘அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள்’ என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். அப்படிக் கேட்ட ஒரு பெண்மணியையும், அவர் விட்டுச் சென்ற தாள்களையும் பற்றியே இங்கு நாம் எண்ணிப் பார்க்கப் போகிறோம். சட்டமன்றங்களில் அமர்ந்து நமக்காகப் பேசுகிறவர்களின் தாள்கள் யாருக்குச் சொந்தம்? அவர்களுக்கா, அவர்களை அனுப்பிய மக்களுக்கா? கேள்வி சிறியது போலத் தோன்றும். விடையோ அவ்வளவு எளிதன்று.

அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்றொரு மாநிலம் உண்டு. குளிரும் காடும் நிறைந்த நாடு அது. அங்கே கென்னபெக் ஆற்றங்கரையில் ஸ்கௌஹீகன் என்னும் சிற்றூரில், 1897-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், முடி திருத்தும் தொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார் மார்கரெட் சேஸ். குடும்பத்தில் வறுமை இருந்தது. உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. சில காலம் ஓராசிரியர் பள்ளியில் பாடம் சொன்னார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தார். ஊர்ச் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கம்பளி ஆலையிலும் பணி செய்தார். 1930-இல் கிளைடு ஸ்மித் என்பவரை மணந்தார். கணவர் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வு பெற்ற போது, மனைவி அவருக்குச் செயலாளராக இருந்து கடிதங்களைக் கவனித்தார். 1940-இல் கணவர் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய இடத்திற்கு மார்கரெட் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

‘கணவன் நாற்காலியில் மனைவி உட்கார்ந்தாள், அவ்வளவுதானே’ என்று சொன்னவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் 1948-இல் அவர் மேற்சபையான செனட்டுக்கு நின்று வென்றார். அமெரிக்க வரலாற்றில் இரு சபைகளிலும் இடம் பெற்ற முதற் பெண் அவரே. 1949 முதல் 1973 வரை 24 ஆண்டுகள் செனட்டராக இருந்தார். 1955 முதல் 1968 வரை பெயர் கூப்பிட்டு எடுத்த வாக்கெடுப்புகளில் 2,941 முறை ஒன்றைக் கூடத் தவறவிடாமல் வாக்களித்தார். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைதான் அந்தத் தொடரை முறித்தது. நாள்தோறும் சட்டையில் ஒரு ரோசாப்பூவைச் செருகிக் கொண்டு சபைக்கு வருவது அவர் வழக்கம். 1964-இல் குடியரசுக் கட்சியின் மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பெருங்கட்சி ஒன்றின் மாநாட்டில் ஒரு பெண்ணின் பெயர் அவ்வாறு முன்மொழியப்பட்டது அதுவே முதல் தடவை. வெற்றி கிட்டவில்லை, 27 பேர் அவருக்கு வாக்களித்தனர்.

இவையெல்லாம் பெருமைக்குரிய செய்திகளே. ஆனால் அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பது 1950-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவர் பேசிய ஒரு பேச்சினால்தான். அக்கதையைச் சொல்லாமல் அவருடைய பெட்டியைத் திறக்க முடியாது.

அதே ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், விஸ்கான்சின் மாநிலத்துச் செனட்டரான ஜோசப் மெக்கார்த்தி, மேற்கு வர்ஜினியாவிலுள்ள வீலிங் என்னும் ஊரில், தம் கட்சியின் மகளிர் சங்கக் கூட்டத்தில் பேசினார். வெளியுறவுத் துறையில் வேலை பார்க்கும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம்மிடம் இருப்பதாக முழங்கினார். 205 பேர் என்று அவர் சொன்னதாகச் செய்தித்தாளில் வந்தது. பின்னர் 57 என்றார். அதன் பின் செனட் சபையில் 81 என்றார். எண்ணிக்கை நாளுக்கொன்றாக மாறியது; பட்டியலை மட்டும் எவரும் படித்ததில்லை. அக்கூட்டத்தின் பேச்சைப் பதிவு செய்த ஒலிநாடாவும் அழிக்கப்பட்டு விட்டதால், அன்று உண்மையில் அவர் எந்த எண்ணைச் சொன்னார் என்பதைக் கூட இன்று வரை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஒரு நாடாவைக் காக்காமல் விட்டதன் பலனைப் பாருங்கள்!

நாடே நடுங்கியது. அரசு ஊழியர், ஆசிரியர், எழுத்தாளர், திரைப்படத் துறையினர் என்று எத்தனையோ பேர் சந்தேகத்தின் பேரில் வேலையிழந்தார்கள். ‘இவர் அப்படிப்பட்டவராம்’ என்று ஒருவர் சொன்னால் போதும். அவருடைய அண்டை வீட்டார் கதவைச் சாத்திக் கொண்டார்கள்.

மார்கரெட் ஸ்மித்தும் மெக்கார்த்தியும் ஒரே கட்சியினர். கம்யூனிசத்தை அவரும் வெறுத்தவரே. ஆகையால் முதலில் மெக்கார்த்தியின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கும் என்றே அவர் நம்பினார். ஆதாரத்தைக் காட்டும்படி கேட்டார். மெக்கார்த்தி சில நிழற்படப் பிரதிகளைக் காட்டினார். அவற்றைப் படித்த மார்கரெட்டுக்கு, குற்றச்சாட்டுக்கும் அந்தத் தாள்களுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. ‘நான் வழக்கறிஞர் அல்லவே, எனக்குத்தான் புரியவில்லையோ’ என்று முதலில் தம்மையே ஐயுற்றார். பெண்களாகிய நமக்கு இந்த ஐயம் புதிதல்ல. பலர் உரத்துச் சொல்லும் ஒன்று நமக்குப் புரியாவிட்டால், பிழை நம்மிடம் என்றே எண்ணிக் கொள்கிறோம். ஆனால் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டும் தக்க ஆதாரம் வராத போதுதான், இது உண்மையைத் தேடும் வேட்டையன்று என்பதை உணர்ந்தார்.

ஜூன் முதல் நாள் சபைக்குப் போகும் வழியில், செனட்டர்களை ஏற்றிச் செல்லும் சிறு இரயிலின் அருகே மெக்கார்த்தியையே சந்தித்தார். முகம் வாட்டமாய் இருக்கிறதே, பேசப் போகிறீர்களோ என்று அவர் விசாரித்தாராம். ஆம், அது உங்களுக்குப் பிடிக்காது என்று இவர் சொன்னாராம். பின்னர் சபையில் எழுந்து 15 நிமிடம் பேசினார். மெக்கார்த்தியின் பெயரை ஒரு முறையும் உச்சரிக்கவில்லை. குறை கூறும் உரிமை, மக்கள் விரும்பாத கருத்தைக் கொண்டிருக்கும் உரிமை, எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை, தனித்து எண்ணும் உரிமை ஆகிய நான்கும் அமெரிக்கக் குடிமகனின் அடிப்படை என்றார். திருவெளிப்பாட்டு நூலில் நான்கு குதிரை வீரர் வருகிறார்கள் அல்லவா? அச்சம், அறியாமை, குறுகிய மனம், அவதூறு என்னும் நான்கு குதிரை வீரர் மேல் ஏறித் தம் கட்சி வெற்றி பெறுவதைத் தாம் விரும்பவில்லை என்றார். ஆறு சக செனட்டர்கள் அவரோடு சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டனர். அப்பேச்சுக்கு ‘மனச்சாட்சிப் பிரகடனம்’ என்று பெயர்.

உடனே நாடு திருந்தி விட்டதா? இல்லை. அம்மாதமே கொரியப் போர் மூண்டது. பேச்சின் ஒலி அமுங்கியது. மெக்கார்த்தி இவரையும் அந்த அறுவரையும் கதையில் வரும் பனிமலர் இளவரசியும் குள்ளர்களும் என்று கேலி செய்தார். 1951-இல், தாம் செல்வாக்குப் பெற்றிருந்த விசாரணைத் துணைக்குழுவிலிருந்து இவரை நீக்கி, அவ்விடத்தில் ரிச்சர்டு நிக்சன் என்னும் இளம் செனட்டரை அமர்த்தினார். 1954-இல் மெய்ன் மாநிலத்தில் இவருக்கு எதிராக ஒருவரைக் கட்சிக்குள்ளேயே ஆதரித்தும் பார்த்தார். மெய்ன் மக்கள் பெருவாரியான வாக்குகளால் தம் செனட்டரையே மீண்டும் தேர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் செனட் சபை, 67-க்கு 22 என்ற வாக்கில் மெக்கார்த்தியைக் கண்டித்தது. மார்கரெட் ஸ்மித் கண்டனத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். நான்கரை ஆண்டுகள் காத்திருந்த வாக்கு அது.

இனிப் பெட்டிகளுக்கு வருவோம்.

1972 தேர்தலில் தோற்று, 1973-இல் பதவியை விட்ட மார்கரெட் ஸ்மித், தம் சொந்த ஊருக்குத் திரும்பினார். 1982-இல், கென்னபெக் ஆற்றை நோக்கிய தம் வீட்டோடு சேர்த்து எழுப்பப்பட்ட நூலகத்தில் தம் தாள்கள் யாவற்றையும் வைத்தார். அப்போது அவருக்கு வயது 84. கடிதங்கள், பேச்சுகள், அறிக்கைகள், புகைப்படங்கள், செய்தித்தாள் துண்டுகளை ஆண்டு வாரியாக ஒட்டிய பருத்த தொகுப்பேடுகள் என இலட்சக் கணக்கான தாள்கள் அங்கே உள்ளன. ஆராய்ச்சியாளர் வரலாம், எடுத்துப் படிக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் அம்மையாரே அவர்களோடு பேசுவார். கேள்விகளுக்கு விடை சொல்வார். 1995-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், தம் 97-ஆம் வயதில் இறக்கும் வரை அவர் வாழ்ந்தது அந்தத் தாள்களின் அடுத்த வீட்டில்தான்.

மற்றப் பெட்டி எங்கே இருக்கிறது? மெக்கார்த்தி 1957-ஆம் ஆண்டு மே மாதம் இறந்தார். அவருடைய தாள்கள் மில்வாக்கி நகரத்து மார்க்கெத் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. 1673-இல் மிசிசிப்பி ஆற்றை ஆராய்ந்து சென்ற பிரெஞ்சு இயேசு சபைக் குருவின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அது. மெக்கார்த்தி சட்டம் பயின்ற இடமும் அதுவே. ஆனால் அவருடைய சொந்தக் கடிதங்களும் கோப்புகளும் ஏறத்தாழ 60 ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. லாரி டை என்னும் எழுத்தாளருக்கு அவற்றைப் படிக்க இடம் கிடைத்தது. 2020-இல் அவர் எழுதிய வரலாறு வெளிவந்தது. அதற்குள் மெக்கார்த்தியால் வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். பல்கலைக்கழகத்தை நாம் குறை சொல்லவில்லை. ஒப்புக்கொண்ட நிபந்தனையைக் காப்பது காப்பகத்தின் கடமை. அதை மீறினால் நாளை எவரும் எதையும் ஒப்படைக்க மாட்டார்கள். நாம் கேட்பது வேறு. பொதுப் பணத்தில் சம்பளம் பெற்று, பொது மக்கள் பெயரால் பேசி, பொது மனிதர்களின் வாழ்வைக் கெடுத்த ஒருவருடைய அலுவலகத் தாள்களுக்குப் பூட்டுப் போடும் உரிமை தனிப்பட்டவர்கள் கையில் ஏன் இருக்க வேண்டும்?

கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் நாம் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெக்கார்த்தி கத்தோலிக்கர். அமெரிக்கக் கத்தோலிக்கர் பலர் அவரைத் தங்கள் வீரராகக் கொண்டாடினர். மேலிடத்துக் குருக்கள் சிலரும் அவர் பக்கம் நின்றனர். அந்த நேரத்தில், 1954 ஏப்ரலில், சிகாகோ நகரத்துத் துணை ஆயர் பெர்னார்டு ஷீல், தொழிலாளர் மாநாடு ஒன்றில் மெக்கார்த்தியின் முறைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். நம்மவர் என்பதற்காகப் பொய்ச்சாட்சி மெய்ச்சாட்சி ஆகிவிடாது. எட்டாம் கட்டளைக்குக் கட்சியும் இல்லை, சபையும் இல்லை. தம் கட்சிக்காரரைக் கண்டித்த பெண்மணியையும், தம் சபையைச் சேர்ந்தவரைக் கண்டித்த ஆயரையும் நாம் ஒருங்கே போற்றுகிறோம்.

இனி அந்நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். மார்கரெட்டின் இடத்தில் அமர்த்தப்பட்ட நிக்சன் பின்னாளில் ஜனாதிபதியானார். வாட்டர்கேட் ஊழலில் சிக்கி 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். அவர் தம் ஒலிநாடாக்களையும் தாள்களையும் அழித்து விடக் கூடாதென்று அவ்வாண்டே பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 1978-இல் மேலும் ஒரு சட்டம் வந்தது: இனி ஜனாதிபதிகளின் அலுவல் தாள்கள் நாட்டின் உடைமை, அவர்தம் சொந்தப் பொருள் அல்ல. மிகவும் நல்ல சட்டம்! ஆனால் அச்சட்டத்தைச் செய்த பாராளுமன்ற உறுப்பினர்களின் தாள்கள்? அவை இன்னமும் அவரவர் சொந்தச் சொத்தே. குழுக்களின் பதிவுகள் மட்டுமே தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். உறுப்பினரின் அலுவலகக் கடிதங்களை அவர் காக்கலாம், கொடுக்கலாம், பூட்டலாம், கொளுத்தவும் செய்யலாம். அரசு அலுவலகங்களின் தாள்களைக் கேட்டுப் பெற மக்களுக்கு உரிமை தந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் பாராளுமன்றத்தைத் தொடவில்லை. 2008-இல் இரு சபைகளும் ஒரு தீர்மானம் நிறைவேற்றின. உறுப்பினர்கள் தங்கள் தாள்களைச் செவ்வனே காத்து ஆராய்ச்சிக்கு அளிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டளையன்று. ஜனாதிபதிக்குச் சட்டம், தமக்கு அறிவுரை! ஊருக்கெல்லாம் நோன்பு சொல்லிவிட்டுத் தான் மட்டும் உண்ணும் கதையாக அல்லவா இருக்கிறது?

மறுபக்கத்து வாதங்களையும் கேட்பதே நேர்மை.

‘தாள்களை மக்களுக்கு உரியவை ஆக்கினால், ஏழை எளியவர் நம்பி எழுதிய கடிதங்கள் என்னாகும்?’ என்று கேட்பவர் உண்டு. இது வலுவான கேள்வி. சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுகிறவர் யார்? ஓய்வூதியம் வராத முதியவர், மகன் போர்க்களத்தில் என்ன ஆனான் என்று அறியாத தாய், நோயாளி, கடனாளி. அவர்கள் தம் துன்பத்தை வரலாற்றுக்காக எழுதவில்லை, உதவிக்காக எழுதினார்கள். அக்கடிதங்களை மறுநாளே எவரும் படிக்க விடுவது பாவம். ஆனால் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. செனட் குழுக்களின் சாதாரணப் பதிவுகள் 20 ஆண்டுகளும், பிரதிநிதிகள் சபையின் பதிவுகள் 30 ஆண்டுகளும் மூடியிருக்கும். தனி மனிதர் அந்தரங்கம் அடங்கிய பதிவுகள் 50 ஆண்டுகள் மூடியிருக்கும். காலம் குறித்த பூட்டு நியாயமான பூட்டு. அதன் சாவி சட்டத்தின் கையில் இருக்கிறது. ஒருவருடைய விருப்பத்தின் கையில் இல்லை.

அந்த 50 ஆண்டுப் பூட்டுத் திறந்த போது என்ன நடந்தது தெரியுமா? 1953, 1954 ஆண்டுகளில் மெக்கார்த்தி கதவை மூடிக் கொண்டு நடத்திய விசாரணைகளின் பதிவுகள் 2003-இல் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டன. ஏறத்தாழ 500 சாட்சிகள் அவ்விசாரணைகளுக்கு வந்திருந்தனர். அஞ்சாமல் நிமிர்ந்து பதில் சொன்ன பலரை, பின்னர் மக்கள் முன்னே நடந்த விசாரணைக்கு அவர் அழைக்கவே இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று. தடுமாறியவர்களையே அவர் மேடைக்குக் கொண்டு வந்தார். நாடு பார்த்தது அச்சமுற்ற முகங்களை மட்டும். நிமிர்ந்த முகங்கள் அரை நூற்றாண்டு பெட்டிக்குள் இருந்தன. அப்பதிவுகளை வெளியிட முன்னின்ற இரு செனட்டர்களில் ஒருவர் மெய்ன் மாநிலத்துச் சூசன் காலின்ஸ். அந்நாளில் மார்கரெட் ஸ்மித் வகித்த அதே இடத்திற்குப் பின்னாளில் வந்தவர் அவர். காலம் சில வேளைகளில் எவ்வளவு அழகாகக் கணக்குத் தீர்க்கிறது!

‘தம் நூலகத்தைத் தாமே அமைத்துக் கொண்டவர் தமக்கு வேண்டியதைத்தானே வைத்திருப்பார்?’ என்பது இரண்டாவது வாதம். இதையும் நாம் தள்ளிவிடவில்லை. மார்கரெட் ஸ்மித் தம் பெயரில் கருத்துள்ளவர். அவருடைய தாள்களை ஒழுங்கு செய்ததிலும், 1972-இல் வெளிவந்த அவர் நூலைத் தொகுத்ததிலும் அவருக்கு நெடுங்காலம் உதவியாளராக இருந்த வில்லியம் லூயிஸின் கை இருந்தது. தன் கதையைத் தானே சொல்பவர் தன்னைச் சிறிது உயர்த்தியே சொல்வார். இது மனித இயல்பு. இரயிலடியில் நடந்ததாக மேலே நாம் சொன்ன உரையாடல் கூட அவர் சொல்லி நாம் அறிந்ததே. ஆகையால் எந்த ஒரு பெட்டியையும் தனியே நம்பலாகாது. சபைக் குறிப்பை வைத்துப் பேச்சைச் சரி பார்க்க வேண்டும். வாக்குப் பதிவை வைத்து வாக்குறுதியைச் சரி பார்க்க வேண்டும். எதிரியின் தாள்களோடு நண்பரின் தாள்களை ஒட்டிப் பார்க்க வேண்டும். இதற்குத்தான் எல்லாப் பெட்டிகளும் வேண்டும் என்கிறோம். திறந்த பெட்டி ஒன்று இருந்து, அதனோடு ஒப்பிட வேண்டிய பெட்டி பூட்டிக் கிடந்தால், உண்மை ஒரு காலால் நொண்டுகிறது.

திறந்து வைப்பவருக்கு அதனால் புகழ் மட்டுமே சேரும் என்றும் எண்ண வேண்டாம். மார்கரெட் ஸ்மித் வியட்நாம் போரை ஆதரித்தவர். 1970 மே மாதம், கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில், மெய்ன் மாநிலத்துக் கோல்பி கல்லூரி மாணவர் கூட்டம் அவரைச் சூழ்ந்து கொண்டு கடுமையான கேள்விகள் கேட்டது. ஒரு காலத்தில் கேள்வி கேட்ட பெண்மணி, இப்போது கேள்விக்கு விடை சொல்லத் திணறினார். ஜூன் முதல் நாள், முதற் பிரகடனத்துக்குச் சரியாக 20 ஆண்டுகள் கழித்து, சபையில் மீண்டும் எழுந்து, இரு பக்கத்துத் தீவிரத்தையும் கண்டித்துப் பேசினார். அவர் பக்கம் நியாயமா, மாணவர் பக்கம் நியாயமா? நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் 1950-ஆம் ஆண்டின் பெருமையும் 1970-ஆம் ஆண்டின் தடுமாற்றமும் ஒரே வாழ்க்கையின் இரு பக்கங்கள். முதற் பக்கத்தை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதைக் கிழித்துப் போட்டால், நமக்குக் கிடைப்பது ஒரு படம். ஒரு மனுஷி அல்ல. குறையில்லாதவர்கள் மட்டுமே துணிவான செயலைச் செய்ய முடியும் என்றிருந்தால், நம்மில் எவருக்கும் எந்த நம்பிக்கையும் இல்லை.

‘இவ்வளவு தாளை யார் காப்பது? எங்கே வைப்பது? இக்காலத்தில் எல்லாம் கணினியில் அல்லவா இருக்கிறது?’ என்பது மூன்றாவது வாதம். செலவு உண்மைதான். அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் வாக்களிக்கும் உறுப்பினர் 535 பேர். ஒவ்வொருவர் அலுவலகத்துக்கும் வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஆனால் கணினியில் இருப்பது பத்திரமாய் இருக்கிறது என்று எவர் சொன்னது? தாளை அழிக்க நெருப்பு வேண்டும். புகை வந்து காட்டிக் கொடுக்கும். கணினிக் கடிதத்தை அழிக்க ஒரு விரல் போதும், புகையும் வராது. ஆகவே முன்னை விட இப்போதுதான் சட்டம் அதிகமாகத் தேவைப்படுகிறது.

எனவே நாம் சொல்வது இதுதான். சட்டம் செய்பவரின் அலுவல் தாள்கள் அவரை அனுப்பிய மக்களுக்கு உரியவை ஆக வேண்டும். குடும்பக் கடிதங்களும் செபப் புத்தகக் குறிப்புகளும் அவருக்கே இருக்கட்டும். எளியவர் எழுதிய கடிதங்கள் குறித்த காலம் வரை மூடியிருக்கட்டும். மற்றவை எல்லாம் காக்கப்பட்டு, ஒரு நாள் கட்டாயம் திறக்கப்பட வேண்டும். திறக்கும் நாளைச் சட்டம் குறிக்க வேண்டும். தாம் எழுதுவது ஒரு நாள் படிக்கப்படும் என்று அறிந்தவர், எழுதும் போதே சற்று நேர்மையாக எழுதுவார். இரவில் ஆத்தும சோதனை செய்யப் பழகியவர் பகலில் எச்சரிக்கையாய் நடப்பது போன்றதே இதுவும்.

பெற்றோரே, இது தூர தேசத்துச் சட்டப் பிரச்சினை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் மகளிடம் யாராவது வந்து, ‘இன்னாரைப் பற்றித் தெரியுமா, அவள் இப்படியாம்’ என்று சொல்லும் நாள் வரும். அவள் அதைக் கேட்டு வியந்து அடுத்தவளிடம் சொல்கிறவளாக இருக்கப் போகிறாளா, ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்கிறவளாக இருக்கப் போகிறாளா? அதற்கான பயிற்சி செனட் சபையில் தொடங்குவதில்லை; வீட்டுச் சாப்பாட்டு வேளையிலும் விடுதி வராந்தாவிலும் தொடங்குகிறது.

அன்புத் தோழியரே, கல்லூரியில் படிக்காத ஒரு பெண், வழக்கறிஞர்கள் நிறைந்த சபையில், தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்று ஒப்புக் கொண்டார். காட்டுங்கள் என்று கேட்டார். காட்டாத போது எழுந்து நின்றார். முதுமையில் தம் பெட்டியையும் திறந்து வைத்து, பிறர் தம்மைச் சோதிக்க இடம் கொடுத்தார். பிறரிடம் தாளைக் கேட்டவர் தம் தாளையும் நீட்டினார். இவ்விரண்டும் சேர்ந்ததே நேர்மை. முதலாவதை மட்டும் செய்பவர் வெறும் குற்றம் காண்பவர்.

நாமும் நாளைப் பெண்களாகி, பல இடங்களில் பல நாற்காலிகளில் அமர்வோம். அப்போது நம் கையில் ஒரு சாவி இருக்கும். பூட்டவும் அது உதவும். திறக்கவும் அது உதவும். எந்தப் பக்கம் திருப்புவோம் என்பதை இன்றே தீர்மானித்துக் கொள்வோம்.